சொனாட்டா வடிவம் என்றால் என்ன? ஸ்ட்ரிங் குவார்டெட்டில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (அதைவிடப் பெரியது, தாழ்ந்த ஒலி) சேர்ந்த குழு. அதற்காக எழுதப்படும் இசைக்கும் அதே பெயர்தான். சொனாட்டா வடிவத்தில் முதல் மெட்டு வீட்டுச் சுருதியில், அதாவது அந்த இசையின் அடிப்படைச் சுருதியில் வரும், இரண்டாவது வேறு சுருதியில். நடுவில் அவை உடைந்து, கலைந்து, ஊர் ஊராய் அலையும். திரும்பும்போது இரண்டுமே வீட்டுச் சுருதியில் ஒலிக்கும். வெவ்வேறு ஊர்க்காரர்கள் இருவர் ஒரே அறையில் தங்கி, பல சண்டைக்குப் பிறகு ஒரே வழக்கில் பேசத் தொடங்குவதைப் போல.

நம் கச்சேரியில் சுருதி கடைசிவரை மாறாது. இங்கே அது மாறுவதால் வரும் இழுபறிதான் கதையே. திரும்பி வருவது நிம்மதி தருவதும் அதனால்தான்.

மொட்சார்ட் 1785 ஜனவரியில் முடித்த சி மேஜர் (அதன் வீட்டுச் சுருதி) குவார்டெட்டைக் கேளுங்கள். செல்லோ தனியாக ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். வியோலா, இரண்டாம் வயலின், முதல் வயலின் என ஒவ்வொன்றாக நுழையும். கடைசியாக முதல் வயலின் வந்ததும் காது கூசும். இந்த மெதுவான முன்னுரை முடிந்து வேகம் பிடிக்கும் இடத்தில்தான் சொனாட்டா வடிவம் தொடங்குகிறது.

பெயரைப் பார்த்து, முழு சொனாட்டாவுக்குமான (பொதுவாகப் பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) அமைப்பு இது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் இது ஒரு பகுதிக்கான, பெரும்பாலும் முதல் பகுதிக்கான அமைப்பு, சிம்பொனியிலும் வரும்.