ஏஸை ஒளித்து வைத்தவர்

கேள்வி: 2003 உலகப் போக்கர் தொடரில் ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, இன்னொன்றில் இரண்டு) வைத்திருந்த பிரபல ஆட்டக்காரர் ஃபில் ஐவியே கடைசிச் சீட்டில் கவிழ்ந்தார். போன வாரம் டோர்னமென்ட்டில் எனக்கும் அதே கதி. கையில் ஏஸ் ஜோடி, 20 பிக் பிளைண்ட் (சீட்டு போடுமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அளவுக்குச் சிப்ஸ். யாரும் ஓடிவிடக் கூடாதென்று பந்தயத்தை ஏற்றாமல் வெறும் கால் செய்தேன், அதாவது இருந்த பந்தயத்துக்குச் சமமாக மட்டும் வைத்தேன். பிக் பிளைண்டில் இருந்தவர் 9-8 வைத்துக்கொண்டு மேலே காசு வைக்காமல் சும்மா ஃப்ளாப் (மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்த்தார். வந்தது 9-8-2. ஆல் இன் போனேன், இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் வைத்தேன், வெளியே வந்தேன். திறமைக்கு மதிப்பே இல்லையா?

பதில்: இருக்கிறது. நீங்கள்தான் அதை இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

பேட் பீட் (ஜெயிக்க வேண்டிய கை அதிர்ஷ்டத்தால் தோற்பது) என்று புலம்ப வேண்டுமானால், சிப்ஸ் மொத்தமும் நடுவே போன நொடியில் நீங்கள் வெகுவாக முன்னால் இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஆல் இன் சொன்னபோது பின்னால் இருந்தீர்கள். 9-8-2 ஃப்ளாப்பில் அந்த இரண்டு ஜோடியை ஏஸ் ஜோடி வெல்வது ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை. கையிலுள்ள இரண்டு சீட்டுக்கும் ஃப்ளாப்பிலேயே ஜோடி விழுவது 100க்குச் சுமார் 2 தடவைதான். அந்த அளவுக்கு உங்கள் கெட்ட நேரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு, இரண்டரை பிக் பிளைண்டுக்கு ஏற்றியிருந்தால் அவர் காசு கொடுத்துத்தான் பார்த்திருப்பார், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகியிருப்பார் (ஃபோல்ட்). ஏஸ் ஜோடி ஒரே ஒரு எதிராளியின் ஏதோ ஒரு கையை 85 சதவீதம் வெல்லும். நான்கு பேரை உள்ளே விட்டால் அது 56க்கு இறங்கும். ஏஸை ஒளித்து வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

ஐவி விஷயம் வேறு. அவரிடம் 9-9, எதிரில் ஆடிய கிறிஸ் மனிமேக்கரிடம் ஏஸ்-குயீன். ஃப்ளாப் குயீன்-குயீன்-6. மனிமேக்கருக்கு மூன்று குயீன் ஆனது, அப்போது செத்த கை ஐவியுடையது. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) அவரைக் காப்பாற்ற மிச்சமிருந்த 45 சீட்டில் இரண்டே 9தான். அதில் ஒன்று வந்து ஃபுல் ஹவுஸ் ஆனது! முதலில் அதிர்ஷ்டம் அடித்தது ஐவிக்கு என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சிப்ஸ் முழுக்க உள்ளே போனது அதன் பிறகுதான். மனிமேக்கருக்கு உதவக்கூடியவை மூன்று ஏஸ், மூன்று 6, ஒரு குயீன்: 44இல் 7, அதாவது 16 சதவீதம். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டில்) ஏஸ் விழுந்தது. 84 சதவீதத்தில் இருந்த ஐவி 10ஆவது இடத்தில் வெளியேறினார். மனிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் கொண்டுபோனார். பேட் பீட் என்றால் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிமேக்கரிடம் ஐவியைவிட அதிகச் சிப்ஸ் இருந்தது. ஏஸ் விழாமல் போயிருந்தாலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. டோர்னமென்ட்டில் பாதி விஷயம் இதுதான். ஃப்ளாப்புக்கு முன்பே உங்கள் ஏஸ் ஜோடிக்கு எதிராக இன்னொருவரின் கிங் ஜோடி என்றால் நீங்கள் வெல்லும் வாய்ப்பு 82 சதவீதம். அப்படி ஐந்து ஆல் இன் வந்தால் ஐந்தையும் வெல்லும் வாய்ப்பு வெறும் 37 சதவீதம். எதிராளியைவிடக் குறைந்த சிப்ஸோடு ஒவ்வொரு தடவையும் உள்ளே போகிறவர், ஒன்றில் சறுக்கினாலும் வீட்டுக்குத்தான். எனவே ஆல் இன் சொல்லுமுன் எதிரில் இருப்பவரின் சிப்ஸ் அடுக்கையும் எண்ணுங்கள்.

அடி வாங்கியும் சிப்ஸ் கொஞ்சம் மிஞ்சினால், அது எத்தனை பிக் பிளைண்ட் என்று கணக்குப் போடுங்கள். பத்து அல்லது அதற்குக் கீழே என்றால் சும்மா கால் செய்யும் பழக்கத்தை மூட்டை கட்டுங்கள். ஆல் இன், இல்லையென்றால் ஃபோல்ட். விட்டதைப் பிடிக்க அடுத்த கையிலேயே கிங்-5ஐ வைத்துக்கொண்டு பாய்வதற்குப் பெயர் டில்ட். அதையும் பேட் பீட் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு.

அடுத்த முறை எழுதும்போது ரிவரில் என்ன விழுந்தது என்பதை விட்டுவிடுங்கள். சிப்ஸ் உள்ளே போனபோது யார் கையில் என்ன, மேசையில் என்ன, யாரிடம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதுங்கள். பேட் பீட்டா இல்லையா என்று ஒரே வரியில் சொல்கிறேன்.