கடன் அட்டையில் சேர்த்த ஸ்பானிய வெள்ளி

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரியும் நான், ஸ்பானியக் குடியேற்றக் காலத்து எட்டு ரியால் நாணயங்கள் 30 சேர்த்திருக்கிறேன்; பட்டியல் இணைத்துள்ளேன். எல்லாம் கடன் அட்டையில் வாங்கியவை. நிலுவை 9,000 டாலர், வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு, மாதம் 270 டாலர் கட்டுகிறேன். 1732-ஆம் ஆண்டுத் தூண் நாணயம் (இரு தூண்கள் பொறித்த எட்டு ரியால்) ஒன்றைப் பங்குகளாகப் பிரித்து விற்கும் செயலியில் 5,000 டாலர் போடச் சொல்கிறார் மைத்துனர். அதற்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்கவோ நினைத்தபோது விற்கவோ முடியாத நாணயத்தின் கால்வாசிக்கு உரிமையாளராவதில் சேகரிப்பவருக்கு என்ன இன்பம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் உங்களை அரிப்பது செயலி அன்று, அட்டை. நீங்கள் கட்டும் 270 டாலரில் ஏறக்குறைய 195 வட்டிக்கே போகிறது. இனி ஒரு நாணயமும் வாங்காவிட்டாலும் கடன் தீர ஐந்து ஆண்டுகள் ஆகும். வட்டி மட்டும் 7,000 டாலரைத் தாண்டும்.

விலையேற்றம் இதை ஈடுகட்டும் என்று எண்ணாதீர்கள். உங்கள் பட்டியலில் பெரும்பாலானவை 1772-க்குப் பின் மெக்சிகோவில் அடித்த, அரசர் முகம் பொறித்த வகை. அந்நூற்றாண்டின் இறுதியில் அந்த ஒரு நாணயச்சாலையே ஆண்டுக்கு இரண்டு கோடிப் பெசோவுக்கு (எட்டு ரியாலின் இன்னொரு பெயர்) மேல் வெளியிட்டது. மணிலா கப்பல்கள் வழியே சீனம் வரை சென்று, அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியாகி, 1819-இல் ஆங்கிலேயர் உங்கள் நகரத்தில் குடியேற இசைந்த ஜொகூர் சுல்தான் உசேனுக்கு ஆண்டுக்கு 5,000 என்று பேசப்பட்டதும் இந்த நாணயமே. உலகெங்கும் புழங்கியதால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ள தூய வெள்ளியோ ஏறத்தாழ 24 கிராம்தான்.

சராசரி 300 டாலருக்கு வாங்கியவற்றை வணிகர் முக்கால் விலைக்கு எடுத்தாலும், ஒரே வகையில் திரும்பத் திரும்ப வந்துள்ள 15 நாணயங்களை விற்றால் சுமார் 3,375 டாலர் கிடைக்கும். அதை அப்படியே அட்டைக்குக் கட்டி, மாதம் அதே 270 டாலரைத் தொடர்ந்தால் 28 மாதங்களில் கடன் முடியும். சீன வணிகர்கள் சோதித்துப் பதித்த சிறு முத்திரைகள் உள்ளவற்றைக் கடைசியாக விற்கலாம். அவற்றைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். அதுவரை மைத்துனர் எது சொன்னாலும் அட்டையை எடுக்காதீர்கள்.

பட்டியலில் '1786, நான்காம் கார்லோஸ்' என்று ஒன்று உள்ளது. அவர் ஸ்பெயினின் அரசராக அரியணை ஏறியது 1788 இறுதியில்தான். நாணயத்தில் உண்மையிலேயே அப்படிப் பொறித்திருந்தால் அது போலி. விற்றவரிடம் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.