கடல்நீரில் நனைந்த பாஸ்போர்ட்டை ஜுபைலிலேயே மாற்றலாமா?

கேள்வி: குளச்சலுக்குப் பக்கத்து மீனவ ஊரைச் சேர்ந்தவள் நான். என் கணவர் ஆறு ஆண்டுகளாகச் சவூதி அரேபியாவில், ஜுபைலில், லாஞ்சில் மீன்பிடி வேலை பார்க்கிறார். அவருடைய பாஸ்போர்ட் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. போன மாதம் படகில் தண்ணீர் ஏறியதில் அது நனைந்து, கடைசிப் பக்கத்து எழுத்து கலங்கிவிட்டது; படமும் நம்பரும் தெரிகின்றன. ஊருக்குப் போய் மாற்றிக்கொள் என்கிறார் கபீல், அதாவது அவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி. தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் உடன் வேலை செய்பவர். புதிய பாஸ்போர்ட்டில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் கேட்ட இரண்டு யோசனைகளும் அவரைச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடியவை. பாஸ்போர்ட்டை அவர் இருக்கும் இடத்திலேயே, சேதமடைந்தது என்று உள்ளபடி சொல்லி மாற்றிக்கொள்வதே சரி.

முதலில் ஊருக்கு வரும் யோசனையைப் பார்ப்போம். எழுத்து கலங்கிய பாஸ்போர்ட்டோடு தம்மாம் விமான நிலையத்துக்குப் போனால், விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே அவரைத் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. அதைத் தாண்டி வந்துவிட்டாலும், கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருவதால், அதன் சேவை மையத்துக்கு அலைவதிலும் காவல்துறை விசாரணைக்குக் காத்திருப்பதிலும் விடுப்பு கரைந்துவிடும். சவூதிக்குத் திரும்புவதற்கான மீள்நுழைவு விசாவின் நாளோ ஓடிக்கொண்டே இருக்கும்.

தொலைந்துவிட்டதாகச் சொல்வது அதைவிட மோசம். தொலைந்தது என்று ஒருமுறை பதிவான எண் நிரந்தரமாக ரத்தாகிவிடும். பின்னால் அந்தப் புத்தகம் கையில் இருந்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. அங்குள்ள காவல்துறையில் புகார் கொடுத்து அறிக்கையும் பெற வேண்டும். அதாவது ஒரு பொய்யை இரண்டு அரசுகளிடம் எழுதிக் கொடுக்கிறீர்கள். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். அதனால் பெரிதாக எதுவும் மிச்சமாவதும் இல்லை. இந்தியாவில் 36 பக்கப் பாஸ்போர்ட்டைச் சாதாரணமாக மாற்ற 1,500 ரூபாய், தொலைந்தாலும் சேதமானாலும் ஒரே 3,000 ரூபாய். வெளிநாட்டில் அந்தந்த நாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும்.

இனி நடைமுறை. நாம் பேச்சில் 'ரினியூவல்' என்றாலும், பழைய புத்தகத்தின் காலத்தை நீட்டுவது என்று ஒன்று இப்போது கிடையாது. புதிய எண்ணோடு புதிய புத்தகம்தான் வரும், அதற்குப் பெயர் மறுவெளியீடு. காலாவதிக்கு ஓராண்டு இருக்கும்போதே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் ஏழு மாதம் என்பது தடையல்ல. ஜுபைல் அமைந்துள்ள கிழக்கு மாகாணம் ரியாத் இந்தியத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, தூதரகத்தின் இணையதளத்தில் காட்டியுள்ள சேவை மையத்தில் நேரம் பெற்று, பழைய பாஸ்போர்ட்டோடும் இக்காமா என்னும் சவூதி வசிப்பிட அனுமதி அட்டையின் நகலோடும் நேரில் போக வேண்டும். மறுவெளியீட்டுக்கான காரணத்தில் 'சேதமடைந்தது' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எண்ணும் பெயரும் படிக்க முடிகிறதா, படம் சிதையாமல் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர் தயங்காமல் ஆம் என்று சொல்லலாம். அவருடைய வேலையைப் பாதி எளிதாக்குவது இந்தப் பதில்தான்.

அதுவரை அந்தப் புத்தகத்தை யாரும் பழுதுபார்க்க வேண்டாம். முன்பு ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பாஸ்போர்ட்டில் உப்புப் பூத்து ஏடுகள் ஒட்டியிருந்தன. அதைப் பிரிக்கிறேன் என்று அறை நண்பர் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்ததில், படத்தின் மேலிருந்த நெகிழித் தாள் சுருங்கி முகம் கோணிப்போய்விட்டது. கடல் செய்ததைவிட இஸ்திரிப் பெட்டி செய்த சேதமே அதிகம். நிழலில் திறந்து காய வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவைத்தால் போதும்.

அந்தப் படங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. உங்கள் கணவர் பத்தாம் வகுப்பு தேறாதவராக இருந்தால், அவருடைய பாஸ்போர்ட் குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகையில், அதாவது நம் ஊரில் ஈசிஆர் என்று சொல்லும் வகையில், இருக்கக்கூடும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. தொடர்ச்சியாக இல்லாமல் விட்டுவிட்டு இருந்தாலும் கணக்கில் சேரும். ஆறு ஆண்டு இருந்தவர் இந்த மறுவெளியீட்டிலேயே அதை நீக்கக் கேட்கலாம். அதற்குச் சான்று நனைந்த ஏடுகளில் இருக்கும் நுழைவு, வெளியேற்ற முத்திரைகள்தான். மை முழுவதும் கரைவதற்குள் படமெடுத்துவிட வேண்டும்.

உங்கள் பெயரைச் சேர்ப்பதை இதே விண்ணப்பத்தில் முடித்துக்கொள்வது நல்லது. பிறகு செய்தால் இன்னொரு கட்டணம், இன்னொரு புத்தகம். திருமணம் ஆலயத்தில் நடந்திருந்தாலும், பங்குத்தந்தை கொடுத்த சான்றோடு நில்லாமல், சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். அந்தச் சான்றில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருந்த வேண்டும். ஆனால் அவருடைய பெயரில் இப்போது ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லாதீர்கள். இக்காமாவில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு பெயருமாகிவிட்டால், சம்பளத்தில் தொடங்கி வங்கிக் கணக்கு வரைக்கும் இழுபறியாகும்.

காவல்துறை விசாரணை உங்கள் வீட்டுக்கு வரலாம். சுனாமிக்குப் பின் கடலோர வீட்டைவிட்டுப் புதிய குடியிருப்புக்கு மாறிய பல குடும்பங்களில் பாஸ்போர்ட்டில் பழைய கதவு எண்ணும் ரேஷன் அட்டையில் புதியதும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படியானால், இப்போது குடியிருக்கும் முகவரியையே விண்ணப்பத்தில் எழுதச் சொல்லி, அதற்கான சான்றை வீட்டில் எடுத்து வைத்திருங்கள்.

பாஸ்போர்ட் கபீலின் கையில் இருந்தால், அதைக் கேட்டு வாங்க உங்கள் கணவருக்கு முழு உரிமை உண்டு. அதே பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவு பாஸ்போர்ட்டை எந்நாளும் இந்திய அரசின் சொத்து என்கிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதைச் சவூதி விதிகளும் அனுமதிப்பதில்லை. தர மறுத்தால் தூதரகத்திலோ, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலோ முறையிடலாம். அதை நீங்கள் ஊரிலிருந்தேகூடச் செய்யலாம். இடையில் வீட்டில் துக்கம் போன்ற அவசரம் நேர்ந்தால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும், ஆனால் அது இந்தியா வருவதற்கு மட்டுமே செல்லும்.

புதிய புத்தகம் கைக்கு வந்ததும், ரத்து முத்திரையிட்டுத் திருப்பித் தரும் பழையதை எறிந்துவிடாமல் அதனோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய எண்ணைக் கபீல் மூலமாக ஜவாசாத் என்னும் சவூதி பாஸ்போர்ட் துறையில் இக்காமாவோடு பதிந்த பிறகே, விடுப்புக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.