குரங்கணி மலைப்பாதையில் மண் மூடும் குறுக்கு வடிகால்

பாதையில் ஓடிவரும் மழைநீரை ஓரமாகத் திருப்பிவிட, குறுக்கே கற்களைப் பதித்து அமைப்பதே குறுக்கு வடிகால். அது மண் மூடிக்கொண்டே இருந்தால், அதன் கற்களைப் பெயர்த்து, பாதைக்கு நேர்க்குறுக்காக இல்லாமல், பள்ளத்துப் பக்கம் கீழ்நோக்கிச் சாயும்படி பாதையின் திசையோடு 45 முதல் 60 பாகைக் கோணத்தில் மீண்டும் பதியுங்கள்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து மூணாறு அருகேயுள்ள டாப் ஸ்டேஷன் ஏறும் வழியில் நீங்கள் அமைத்த வடிகால் ஒவ்வொரு மழைக்கும் மண் மூடுகிறது என்றால், ஓடிவரும் நீர் கல்லில் முட்டி வேகம் இழந்து, சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

பதித்தபின் மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால், நீர் வெளியேறும் வாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே சருகும் புல்வேரும் பின்னி அடைத்திருந்தால், கோணம் சரியாக இருந்தும் பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது நல்லது.

நீர் விழும் இடத்துக்கு நேர் கீழே பாதையின் அடுத்த வளைவு வந்தால், வடிகாலைத் தள்ளி அமையுங்கள். இல்லையேல் அந்த வளைவு அறுபட்டுவிடும். வனத்துறையின் அனுமதியின்றி எதையும் பெயர்க்க வேண்டாம்.