சட்டம் படித்தால் போதுமா?

கேள்வி: அரசியலுக்கு வருபவர்களுக்குச் சட்டப் படிப்பைக் கட்டாயமாக்கினால் ஊழல் ஒழியாதா? அமெரிக்காவை உருவாக்கியவர்களில் பாதிப் பேர் வக்கீல்கள்தானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர்களுடைய அரசியல் சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்களில் பாதிக்கும் மேலேயே வக்கீல்கள். அதில் ஒருவர் கதையை மட்டும் சொல்கிறேன். ஜேம்ஸ் வில்சன். 1742-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பிலடெல்பியாவுக்கு வந்து, ஜான் டிக்கின்சன் என்ற வக்கீலிடம் தொழில் கற்றவர். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சட்டம் இரண்டிலும் கையெழுத்திட்ட ஆறே பேரில் ஒருவர். மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாகக் கணக்கிடலாம் என்று, அந்த அரசியல் சட்டத்தை எழுதிய 1787 மாநாட்டில் முன்மொழிந்ததும் இவர்தான். மெத்தப் படித்தவர் போட்ட கணக்கு!

1789-ல், சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி பதவியைத் தனக்கே தரும்படி முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். (கூச்சப்படாமல் கேட்பது இன்று வந்த பழக்கமில்லை.) அது ஜான் ஜேவுக்குப் போய்விட்டது, இவர் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளில் ஒருவரானார். அடுத்த வருடம் இவர் சட்ட வகுப்பைத் தொடங்கியபோது முதல் சொற்பொழிவைக் கேட்க வாஷிங்டனே வந்து உட்கார்ந்தார். ஆகவே சட்டம் தெரியாமல் கெட்டார் என்று சொல்ல முடியாது.

கெடுத்தது மண்ணாசை. 1795-ல் ஜார்ஜியாவில் யாசூ பேரம் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்து, சுமார் 3.5 கோடி ஏக்கர் அரசு நிலத்தை வெறும் 5 லட்சம் டாலருக்கு வளைத்தார்கள். அதில் பணம் போட்டவர்களில் நீதிபதி வில்சனும் உண்டு. அப்புறம் நில மார்க்கெட் சரிந்தது. வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. பதவியில் இருக்கும்போதே, 1797-ல், நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் கடனுக்காகக் கம்பி எண்ணினார். வெளியே வந்து வட கரோலினாவுக்கு ஓடினால் அங்கேயும் கைது. இந்த முறை பிடித்துக் கொடுத்தவர் பியர்ஸ் பட்லர். அவருக்கு வில்சன் தர வேண்டிய பாக்கி 1,97,000 டாலர். அரசியல் சட்டத்தில் வில்சனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட அதே பட்லர்!

1798 ஆகஸ்டில், ஈடன்டன் என்ற சிற்றூரில், சத்திரத்து அறையில் செத்துப்போனார். வயது 55. அன்றுவரை நீதிபதி பதவியை விடவில்லை. 1906-ல் எலும்பைத் தோண்டி எடுத்து, பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய், சகல மரியாதைகளோடு அடக்கம் செய்தார்கள். கடன் கொடுத்தவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை.