நால்வர் சேர வேண்டிய இடத்தில் மூவர்: பிளாக் சாபத்தின் '13' பற்றிக் கேள்வி பதில்

2013-ல் வந்த '13' ஆல்பத்தைப் பற்றியும், அதற்காக இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் (கனத்த கிட்டார் ஒலி கொண்ட ராக்) குழுவான பிளாக் சாபத் மறுபடி சேர்ந்ததைப் பற்றியும் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, இவர்கள் எப்போது பிரிந்தார்கள்? எத்தனை வருடம் கழித்துச் சேர்ந்தார்கள்?

தம்பி, குழு ஒரேயடியாகக் கலைந்துபோகவில்லை. பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த நான்கு பேர்: பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், கிட்டார் டோனி ஐயோமி, பேஸ் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட். 1970-ல் முதல் ஆல்பம் வந்தது. 1979-ல் ஆஸியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். குடியும் போதைப்பொருளும்தான் காரணம் என்பார்கள். ஆனால் அந்த நாட்களில் நால்வருமே அதில் மூழ்கித்தான் கிடந்தார்கள். அதன் பிறகும் ரோனி ஜேம்ஸ் டியோ தொடங்கி வேறு வேறு பாடகர்களோடு ஐயோமி அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தார்.

ஆஸி பாடிய பழைய ஆல்பங்களில் கடைசி 1978-ல் வந்தது. அடுத்தது '13'. நடுவில் 35 வருடம். இடையே சேராமலும் இல்லை. 1985-ல் 'லைவ் எய்ட்' என்ற நிதி திரட்டும் கச்சேரியில் சில பாடல்கள் வாசித்தார்கள். 1997 டிசம்பரில் சொந்த ஊரில் நால்வரும் சேர்ந்து நடத்திய கச்சேரி அடுத்த வருடம் நேரடி ஆல்பமாக வந்தது. அதில் புதிய பாடல் இரண்டே இரண்டு. மேடையில் சேர்வது அவர்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. முழு ஆல்பமாகப் புதிய பாட்டு எழுதுவதுதான் நடக்காமலே இருந்தது.

இன்னொருவர்: 2001-லேயே இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு ஒரு முயற்சி நடந்தது என்கிறார்களே, அது ஏன் நின்றது? பத்து வருடம் கழித்து எப்படிக் கைகூடியது?

ஆமாம், நடந்தது. அப்போது ஆஸிக்குத் தன் தனி ஆல்பத்தை முடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தனியாக ஒரு பெரிய சந்தை இருந்த காலம் அது. சாபத் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

பிறகு ஐயோமியும் பட்லரும் டியோவோடு சேர்ந்து 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற பெயரில் வாசித்தார்கள். 2009-ல் நல்ல ஆல்பம் ஒன்றும் தந்தார்கள். அதே வருடம் குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஆஸி ஐயோமி மேல் வழக்குப் போட்டார். 2010-ல் சமரசம் ஆனது. அதே 2010 மே மாதம் டியோ புற்றுநோயால் இறந்துபோனார். வழக்கு முடிந்துவிட்டது, வாசித்துக்கொண்டிருந்த குழுவும் இல்லாமல் போய்விட்டது. சேர்வதற்கு இருந்த தடைகள் விலகியது இந்த இரண்டாலும்தான். டியோவை மிகவும் நேசிப்பவன் என்ற முறையில், இந்த மறுசேர்க்கைக்குப் பின்னால் ஒரு இழப்பு இருக்கிறது என்பதை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

2011 நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் 'விஸ்கி எ கோகோ' என்ற கிளப்பில் நால்வரும் உட்கார்ந்து அறிவித்தார்கள்: புதிய ஆல்பம், உலகச் சுற்றுப்பயணம், தயாரிப்பாளர் ரிக் ரூபின்.

வேலூரிலிருந்து ஒரு செவிலியர்: ஐயோமிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் ரெக்கார்டிங் நடந்ததா? உடல் எப்படி ஒத்துழைத்தது?

அறிவிப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2012 ஜனவரியில் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. நீங்கள் மருத்துவமனையில் வேலை செய்பவர், கீமோ என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சிகிச்சையை விட்டுவிட்டு வேலைக்கு வரவில்லை, வேலையைத்தான் சிகிச்சைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் நடக்க வேண்டிய பாடல் எழுதும் வேலையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸியும் பட்லரும் அவர் இருக்கும் இடத்துக்கு வந்து, அவருடைய வீட்டு ஸ்டுடியோவிலேயே வேலை செய்தார்கள். 2012-ல் நடத்துவதாக இருந்த பெரிய சுற்றுப்பயணம் சுருங்கியது. மே மாதம் பர்மிங்காமில் ஒரு சிறிய அரங்கம், ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் இசை விழா, ஆகஸ்டில் சிகாகோவின் லொல்லபலூசா இசை விழா. அவ்வளவுதான்.

2013-14 சுற்றுப்பயணத்தையும் அப்படியே அமைத்தார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை அவர் சிகிச்சைக்குத் திரும்ப வேண்டும். அந்த இடைவெளிகளுக்குள்தான் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் அடங்க வேண்டும். பிளாக் சாபத் பாடல்கள் அவருடைய ரிஃப்பில்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில்தான், பிறக்கின்றன. அவர் இல்லாவிட்டால் இந்த ஆல்பமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு 'எண்ட் ஆஃப் த பிகினிங்' பாடலின் முதல் ரிஃப்பைக் கேளுங்கள். கையில் எந்தத் தளர்ச்சியும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கிட்டார் பழகும் ஒருவர்: அவருடைய விரல்களைப் பற்றிச் சொல்வது உண்மையா?

உண்மைதான். 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து போட்டுக்கொண்டு வாசித்தார். பின்னால் கம்பிகளின் சுருதியைத் தளர்த்தினார். அந்தக் கனத்த ஒலியை இன்று ஆயிரம் குழுக்கள் வாசிக்கின்றன.

மதுரையிலிருந்து ஒலிப்பதிவு கற்கும் மாணவி: ரிக் ரூபின் உண்மையில் என்ன செய்தார்? கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

இந்த ஆல்பத்தில் அவர் செய்த முக்கியமான காரியம் முதல் நாட்களிலேயே நடந்துவிட்டது. அவர்களை உட்காரவைத்து 1970-ல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். ஹெவி மெட்டல் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு யோசிக்கச் சொன்னார். அந்த முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவானது. மேடையில் வாசித்துப் பழகிய பாட்டுகளை ஸ்டுடியோவில் அப்படியே வாசித்துவிட்டுப் போனார்கள். அதில் ப்ளூஸ் இருக்கிறது, ஜாஸ் இருக்கிறது, தடுமாற்றமும் இருக்கிறது. அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள் என்பதுதான் ரூபின் கேட்டது.

அதனால் மாலிபுவில் உள்ள ஷாங்ரி-லா ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே பதிவு செய்து அடுக்காமல், ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கவைத்தார். 'டேமேஜ்டு சோல்' பாடலை ஹெட்ஃபோனில் கேட்டால் இது தெரியும். ஆஸியின் ஹார்மோனிகா, நின்று நகரும் தாளம், நடுவில் ஐயோமி சுதந்திரமாகப் போகும் இடங்கள். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. இன்னும் அதை மிஞ்சி வேறு ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் ஒலிப்பதிவு படிப்பதால் குறையையும் சொல்லிவிடுகிறேன். சிடி பதிப்பை அளவுக்கு மீறிச் சத்தமாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலை) செய்திருக்கிறார்கள். ஒரே அறையில் வாசித்த காற்றோட்டம் அந்த இறுக்கத்தில் கொஞ்சம் நசுங்கிப்போகிறது. இவ்வளவு கவனத்தோடு பதிவு செய்ததைக் கடைசிப் படியில் இப்படிச் செய்திருக்கக் கூடாது.

பலர் கேட்டது: பில் வார்ட் ஏன் இல்லை? பணமா, உடல்நிலையா? யார் பக்கம் நியாயம்?

2011 நவம்பர் மேடையில் நான்காவது நாற்காலியில் அவர் இருந்தார். 2012 பிப்ரவரி தொடக்கத்தில், தனக்குக் கையெழுத்திடத் தகுந்த ஒப்பந்தம் தரப்படவில்லை, அது கிடைக்காமல் வர முடியாது என்று அவர் அறிக்கை விட்டார். மற்ற மூவரும் அவர் இல்லாமலே தொடர்ந்தார்கள். பிறகு ஆஸி பேட்டிகளில், வார்டின் உடல்நிலை ஒரு முழுக் கச்சேரியைத் தாங்காது என்ற பொருளில் பேசினார். 1998-ல் வார்டுக்கு மாரடைப்பு வந்தது உண்மை. ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குள்ளேயே இருக்கட்டும். நான் பேசுவது வெளியே நடந்த வரிசையைப் பற்றி.

நால்வர் சேர்கிறோம் என்று உலகத்துக்கு அறிவித்தபோது நால்வருக்கும் ஒப்பந்தம் முடிந்திருக்கவில்லை. இது பெரிய தவறு. ரசிகர்களிடம் வாக்கைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த நான்கு பேரில் ஒருவரோடு பேரம் பேசினார்கள். உடல்நிலையில் சந்தேகம் இருந்திருந்தால் அதையும் அறிவிப்புக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். பாதிக் கச்சேரி வார்ட், மீதி இன்னொருவர் என்று வழி தேடியிருக்கலாம். 'அவரால் முடியாது' என்று பிறகு பேட்டியில் சொன்னது 40 வருட நண்பருக்குச் செய்த மரியாதை இல்லை. ஆஸியின் குரலை உயிராக நினைப்பவன்தான் நானும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் வார்ட் பக்கம்.

கோவையிலிருந்து டிரம்ஸ் வாசிக்கும் ஒருவர்: பிராட் வில்க் நன்றாகத்தானே வாசித்திருக்கிறார்? வார்ட் இல்லாதது காதில் தெரியுமா?

வில்க் மிக நன்றாக வாசித்திருக்கிறார். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவில் இறுக்கமான தாளம் போட்டவர், இங்கே வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்தி வாசிக்கிறார். ரூபின் அழைத்துவந்தவர் அவர். மேடைக்கு ஆஸியின் தனிக் குழுவிலிருந்த டாமி கிளூஃபெட்டோஸ் வந்தார்.

ஆனால் தெரியும். வார்ட் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அல்ல. ஐயோமியின் ரிஃப்புக்குப் பதில் சொல்பவர். நல்ல மிருதங்க வித்வான் பாடகரின் சங்கதி எங்கே போகிறது என்று பார்த்து அதற்கேற்ப வாசிப்பாரே, அப்படி. அவர் வாசித்த பழைய 'வார் பிக்ஸ்' பாடலில் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடித் தாளத் தட்டு) மட்டும் ஓட, இடையில் குரல் வரும் இடத்தைக் கேளுங்கள். அப்புறம் உடனே '13'-ல் உள்ள 'காட் இஸ் டெட்?' போடுங்கள். இரண்டாவதில் தாளம் சரியாக இருக்கிறது, ஆனால் உரையாடல் இல்லை. வில்க்கைக் குறை சொல்லவில்லை. சில வாரங்களில் இன்னொருவருடைய இளமைக்கால நட்பை யாராலும் வாசித்துக் காட்ட முடியாது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: பழையதையே திருப்பி வாசித்திருக்கிறார்கள் என்று என் நண்பன் சொல்கிறான். சரியா, சார்?

பாதி சரி. 'எண்ட் ஆஃப் த பிகினிங்' முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு நடந்த வழியிலேயே நடக்கிறது. 'ஸைட்கைஸ்ட்' கேட்டால் அவர்களுடைய பழைய பாட்டான 'பிளானட் கேரவன்' நினைவுக்கு வராமல் இருக்காது. கடைசிப் பாட்டான 'டியர் ஃபாதர்' முடியும்போது மழை, இடி, மணியோசை வருகின்றன. முதல் ஆல்பம் அவற்றோடுதான் தொடங்கும். இதெல்லாம் தெரிந்தே செய்தது.

மீதிப் பாதி, 'ஏஜ் ஆஃப் ரீசன்'. அதன் கடைசியில் வரும் கிட்டார் தனி ஆவர்த்தனம் அறுபதைக் கடந்த ஒருவர் மட்டுமே வாசிக்கக் கூடியது. வேகத்தைக் காட்டும் ஆசையே அதில் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் முழுதாக ஒலிக்கவிட்டு அடுத்ததுக்குப் போகிறார். உங்கள் நண்பருக்கு இதை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

விற்பனையும் விருதும்?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்காவில் அவர்களுக்கு அதுவே முதல் முறை. இங்கிலாந்தில் இதற்கு முன் முதலிடம் பிடித்தது 1970-ல் 'பாரனாய்ட்' ஆல்பம். இடையில் கிட்டத்தட்ட 43 வருடம். 'காட் இஸ் டெட்?' 2014-ல் கிராமி வாங்கியது.

சென்னையிலிருந்து ஒருவர்: எங்கள் கல்லூரிக் குழு பல வருடம் கழித்து மறுபடி சேரப் போகிறது. இவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

வாழ்த்துகள்! முதலில் காசுக் கணக்கை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் யாருக்கு, பாட்டின் உரிமை யாருக்கு, ஒருவர் வர முடியாமல் போனால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். அதற்குப் பிறகு போஸ்டர் அடியுங்கள்.

இரண்டாவது, பாடகரின் இன்றைய குரலுக்கு எழுதுங்கள். '13'-ல் ஆஸி பெரும்பாலும் தாழ்ந்த ஸ்தாயியில் பாடுகிறார். அதனால்தான் அந்தக் குரல் உடையாமல், பழைய அச்சத்தோடு ஒலிக்கிறது. இளமையில் எட்டிய உச்சத்தை எட்டவைக்கப் பார்த்தால் குரலும் போகும், நட்பும் போகும். மேடையில் பழைய பாட்டுகளைக் கேட்கத்தான் கூட்டம் வரும் என்பதால் புதியவற்றைக் கொஞ்சமாகக் கலந்தால் போதும். அவர்களும் ஒரு கச்சேரிக்கு மூன்று, நான்குதான் வாசித்தார்கள்.

கடைசியாக ஒருவர்: '13'-க்குப் பிறகு நால்வரும் சேரவே இல்லையா? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

சேர்ந்தார்கள். 2016-ல் தொடங்கிய 'த எண்ட்' சுற்றுப்பயணமும் வார்ட் இல்லாமல்தான் நடந்து, 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் முடிந்தது. '13' ஒலிப்பதிவில் மிஞ்சிய நான்கு பாட்டுகளை அந்தக் கச்சேரிகளில் ஒரு சிறிய சிடியாக விற்றார்கள். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் ஒரே மேடையில் வாசித்தார்கள், 20 வருடத்தில் முதல் முறையாக. பார்க்கின்சன் நோயால் ஆஸி ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். நான்கு பாட்டு, டிரம்ஸில் பில் வார்ட். ஜூலை 22 அன்று ஆஸி காலமானார்.

கேட்கும் வரிசை: முதலில் 1970-ன் முதல் ஆல்பம் முழுவதும், ஒரே இருப்பில். அடுத்து 'பாரனாய்ட்'. அதன் பிறகு நேராக '13'. அதன் கூடுதல் பாடல்கள் உள்ள பதிப்பை வாங்கினால் 'மெத்தடமிக்' உட்பட மூன்று பாட்டு அதிகமாகக் கிடைக்கும், ஆனால் முதல் தடவை எட்டாவது பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.