ஆபீஸில் இருக்கும்போது, நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிகளிடமிருந்து வேலைக்கான அழைப்பு வந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெஸ்டிங் பார்க்கிறேன். சென்னை, பெங்களூருக்காரர்கள் இந்தக் கேள்விக்கு "எழுந்து மீட்டிங் ரூமுக்குப் போய்ப் பேசுங்கள்" என்று எழுதுவார்கள். எங்கள் ஆபீஸில் மீட்டிங் ரூம் என்று ஒன்று கிடையாது. ஒரே ஹால், நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் முதலாளி. "நோட்டீஸ் பீரியட்" என்று நான் இங்கே முணுமுணுத்தால் அங்கே தலை நிமிரும். அவர் காதில் விழாவிட்டாலும், பக்கத்து சீட் அண்ணன் என் மாமாவோடு ஒன்றாகப் படித்தவர். சாயங்காலத்துக்குள் வீட்டில் "என்னடா, வேற வேலை பாக்கிறியாமே?" என்று கேட்டுவிடுவார்கள். ஆகவே இது சின்ன ஊர் ஆபீஸில் இருப்பவர்களுக்கான பதில்.

நான் செய்வது இவ்வளவுதான். போனில் எதையும் பேசி முடிப்பதில்லை, எல்லாவற்றையும் எழுத்துக்குத் தள்ளிவிடுவேன். உரையாடல் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"ஹாய் சார், ஜாப் சேஞ்ச் பாத்துட்டிருக்கீங்களா?"

"வேலையா இருக்கேங்க. டீடெயில் அனுப்பிடுங்க, பாத்துட்டு நானே கூப்பிடறேன்."

"ரெண்டே ரெண்டு கேள்வி சார், கரண்ட் சிடிசி எவ்வளவு..."

"மெயில் வரட்டுங்க, சொல்றேன்."

அவ்வளவுதான், வைத்துவிடலாம். (சிடிசி என்பது நிறுவனம் நமக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தச் சம்பளம்.) "ஜேடி", அதாவது வேலை விவரக் குறிப்பு, "அனுப்புங்க" என்று சொல்லாமல் "டீடெயில்" என்று சொல்வதைக் கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது லோன்காரருக்குச் சொன்ன பதிலாகவே படும். போன் அடித்ததும் எழுந்து வெளியே ஓடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அதைவிட மோசம் மாடிப்படியில் நின்று பேசுவது. பழைய கட்டடங்களில் படிக்கட்டு மைக் செட் மாதிரி, கீழே பேசுவது மூன்றாவது மாடி வரை கேட்கும்.

எடுக்கவே முடியாத நேரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அழைப்பை மறுக்கும்போதே குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு, அந்த வாசகத்தை செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். என்னுடையது: "இப்போது பேச இயலாது. நிறுவனத்தின் பெயர், ஊர், பட்ஜெட் மூன்றையும் மெசேஜில் அனுப்பவும்." உண்மையான வேலையைக் கையில் வைத்திருப்பவர் அனுப்பிவிடுவார். சும்மா ஆள் கணக்குக் காட்டக் கூப்பிட்டவர் அதோடு போய்விடுவார். ஒரு குறை, 080, 044 என்று லேண்ட்லைன் எண்ணிலிருந்து வரும் அழைப்புகளுக்கு இந்த மெசேஜ் போய்ச் சேராது.

அவர்கள் ஏன் இப்படித் துரத்துகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது ஆள் எடுக்கும் நிறுவனம். இந்தியாவில் வழக்கமான விகிதம் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 6 லட்ச ரூபாய் வேலைக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் 50,000 ரூபாய். சேர்ந்தவர் சில மாதங்களுக்குள் ஓடிவிட்டால் பதிலுக்கு இலவசமாக ஆள் கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒரே வேலையை நிறுவனங்கள் பல கன்சல்டன்சிகளுக்குக் கொடுப்பதால், யார் முதலில் ரெஸ்யூமே அனுப்புகிறார்கள் என்ற ஓட்டப்பந்தயம் நடக்கிறது. போனில் பேசுகிற பெண்ணுக்கோ பையனுக்கோ இன்றைக்கு இத்தனை ரெஸ்யூமே என்று டார்கெட் வேறு. ஒரு தடவை நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "சார், நீங்க தஞ்சாவூர் சைடா? நான் பட்டுக்கோட்டை" என்றது அந்தப் பக்கக் குரல். அதனால் யாரிடமும் எரிந்து விழுவதில்லை. அதற்காக, அவசரம் அவர்களுடையது என்பதை மறந்து நாமும் சேர்ந்து ஓட வேண்டியதில்லை.

அந்த அவசரத்தில் கேட்கப்படும் "கரண்ட் சிடிசி"தான் டெல்டாக்காரர்களை அதிகம் அடிக்கிற கேள்வி. குத்தாலம் பக்கத்துத் தம்பி ஒருவன் எங்களோடு இருந்தான். வருடத்துக்கு 3.6 லட்சம். வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை, பஸ் செலவு மட்டும் என்பதால் இங்கே அது கைக்கு நிற்கும் சம்பளம். போனில் யாரோ கேட்டதும் தொகையை அப்படியே சொன்னான். அந்தப் பக்கம் உடனே 30 சதவீத ஹைக் (சம்பள உயர்வு) என்று கணக்குப் போட்டு, 4.68 லட்சத்தை எக்செல்லில் எழுதிவிட்டார்கள். சென்னையில் சேர்ந்த பிறகுதான் அதே வேலைக்கு அதே அனுபவத்தோடு வந்த இன்னொருவன் 6 லட்சத்துக்கு மேல் வாங்குவது தெரிந்தது. வேளச்சேரியில் ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் எல்லாம் போக, இங்கே மிஞ்சியதுகூட அவனுக்கு அங்கே மிஞ்சவில்லை. கும்பகோணத்துச் சம்பளத்தை அடிப்படையாக வைத்துச் சென்னைச் சம்பளத்தைக் கணக்கிட விடவே கூடாது. "இந்தப் பொசிஷனுக்கு பட்ஜெட் என்னங்க?" என்று நாம்தான் முதலில் கேட்க வேண்டும். ரேஞ்ச் சொல்ல மாட்டேன் என்றால், "அப்ப நானும் எக்ஸ்பெக்டேஷன் மட்டும்தான் சொல்வேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். பொய்ச் சம்பளம் சொல்லாதீர்கள், சேரும்போது பே ஸ்லிப் கேட்பார்கள். எப்போது சொல்வது என்பது மட்டும் நம் கையில் இருக்கட்டும்.

அப்புறம், "ரெஸ்யூமே ஃபார்வர்ட் பண்ணிடவா சார்?" என்று போகிற போக்கில் கேட்பார்கள். அவசரத்தில் "ம்ம்" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த நிறுவனத்துக்கு என்று தெரியாமல் சம்மதம் சொன்னால், இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே நிறுவனத்துக்கு உங்களை அனுப்பிவிடக் கூடும். யார் வழியாக வந்த ஆள் என்று அங்கே தகராறு வரும், ஹெச்ஆர் சள்ளை வேண்டாம் என்று உங்களையே ஒதுக்கிவிடுவார். சின்ன ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்களைக் கூப்பிடுகிற கன்சல்டன்சியே உங்கள் முதலாளிக்கும் ஆள் பிடித்துத் தருபவராக இருக்கலாம். நிறுவனத்தின் பெயரை எழுத்தில் வாங்கிய பிறகு, "இந்த ஒரு வேலைக்கு மட்டும் என் ரெஸ்யூமேயை அனுப்பலாம்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள், பிறகு பேச்சு மாற முடியாது.

2024-இல் தஞ்சாவூரில் மினி டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்த பிறகு, "சார், தஞ்சாவூர்லயே ஓப்பனிங்" என்றும் அழைப்பு வருகிறது. மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். விசாரித்தால் பாதி "ட்ரெயினிங் மட்டும் தஞ்சாவூர், போஸ்டிங் ஹைதராபாத்" என்று முடிகிறது. ஊரையும் எழுத்தில் கேட்பது அதற்காகத்தான்.

வெளிநாட்டு வேலை என்று வரும் அழைப்புகளை மட்டும் வேறு மாதிரி பார்க்க வேண்டும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால், இந்த வலை இங்கே அதிகம் வீசப்படுகிறது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400. மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். கம்போடியா, மியான்மர், லாவோஸில் "டேட்டா என்ட்ரி" என்று கூட்டிப் போய், ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கதைகள் தமிழ்நாட்டிலேயே நிறைய. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது, அங்கே விசாரியுங்கள். உள்நாட்டு வேலைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் என்று யார் கேட்டாலும் அது மோசடிதான். கட்டிவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

முதலாளி நேராகவே "யாரு போன்ல?" என்று கேட்டுவிட்டால்? நான் மழுப்புவதில்லை. "கன்சல்டன்சி சார், வேலை இருக்குன்னு கூப்பிடறாங்க, வேலையா இருக்கேன்னு சொல்லிட்டேன்" என்பேன். அவரும் அதே நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில்தான் ஆள் தேடுகிறார், எல்லோருக்கும் கால் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. பொய் சொல்லி மாட்டினால்தான் வம்பு.

வேலை மாறும் எண்ணமே இல்லை என்றால் நௌக்ரியில் ப்ரொஃபைலை மறைத்துவைத்துவிடுங்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், இப்போதைய நிறுவனத்தின் பெயரை ப்ளாக் பட்டியலில் சேருங்கள். லிங்க்ட்இன்னில் 'வேலை தேடுகிறேன்' என்று எல்லோருக்கும் காட்டும் பச்சை வளையம் போடாமல் 'ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்' என்று வைக்கலாம். ஆனால் உங்கள் நிறுவனத்தார் கண்ணில் படாது என்று அவர்களே முழு உத்தரவாதம் தருவதில்லை. ப்ரொஃபைலில் எதையாவது திருத்தினால் தேடலில் மேலே வந்துவிடும், அடுத்த சில நாள் போன் ஓயாது. எனவே திருத்துவதை வெள்ளிக்கிழமை இரவில் வைத்துக்கொள்கிறேன், முதல் அலை சனிக்கிழமை வீட்டில் இருக்கும்போது வந்து போய்விடும். மறைத்த பிறகும் சில அழைப்புகள் வரத்தான் செய்யும். ஏற்கெனவே இறக்கிவைத்த எக்செல்லில் நம் எண் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாக ப்ளாக் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.